ஆடுவது போனா, வயரா?

போன மாதம் பற்றரி வீங்குவதைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி பற்றரியைப் பற்றியதே இல்லை. "அக்கா, பின் லூஸ்", அதாவது சார்ஜ் வயர் போனில் நிற்காமல் ஆடுகிறது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். மட்டக்களப்பு நகரில் என் திருத்தும் மேசைக்கு முன்னால் வந்து நிற்பவர்களும் அதிகம் சொல்வது அதே இரண்டு சொற்கள்தான். சரி, இந்த மாதம் முழுக்க அதையே எடுத்துக்கொள்வோம்.

மருதமுனையிலிருந்து ஒரு வாசகி: தங்கச்சி, வீட்டில் கைத்தறி போட்டிருக்கிறோம். போனைத் தறிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நெய்வேன். இரண்டு வருஷப் போன், டைப்-சி. ஒரு மாதமாக வயர் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒரு பக்கமாகச் சாய்த்து, கீழே தீப்பெட்டியை முட்டுக் கொடுத்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. கடையில் காட்டினேன், போர்ட் (வயர் குத்தும் ஓட்டை) மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றட்டுமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள் ராத்தா. போனைப் பார்க்காமலே ஒரு ஊகம் சொல்கிறேன்: அந்த ஓட்டைக்குள் உங்கள் தறியின் தும்பு கிடக்கிறது.

வயரைக் குத்தும் ஒவ்வொரு முறையும், உள்ளே விழுந்த தும்பை நாமே அடிக்குத் தள்ளி இடிக்கிறோம். உரலில் உலக்கை போடுகிற மாதிரி. மாதக்கணக்கில் இடிபட்டு அது தகடு போல இறுகிவிடும். அதன் பிறகு வயரின் தலை முழுதாக உள்ளே போகாது, ஒரு மயிரிழை வெளியே நிற்கும். டைப்-சி வயரின் தலைக்குள் இரண்டு ஓரத்திலும் சின்னக் கொளுவிகள் இருக்கின்றன. போனின் ஓட்டைக்குள் நடுவில் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும்; அதன் ஓரங்களில் உள்ள பள்ளத்தில் அந்தக் கொளுவிகள் விழுந்தால்தான் வயருக்குப் பிடி. கடைசி வரை போகாவிட்டால் பிடி விழாது. அப்போது வயர் ஆடும், கழன்று விழும், தீப்பெட்டி கேட்கும். பார்க்கிறவருக்குப் போர்ட் தேய்ந்துவிட்ட மாதிரியே இருக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். போனை முழுதாக நிறுத்துங்கள். டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். அடிச்சுவர் பளபளவென்று தெரியாமல் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தால் அதுதான் தும்பு. ஒரு ஈர்க்கை எடுத்து நுனியைப் பிளேட்டால் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். மெல்லிய பல்லுக்குத்தியும் போதும். நடு நாக்கைத் தொடாமல், வெளிச்சுவரை ஒட்டி உள்ளே விட்டு, மூலையிலிருந்து வெளியே இழுங்கள். குத்தவோ நெம்பவோ வேண்டாம், இழுத்தால் போதும். முதல் இரண்டு மூன்று தடவை ஒன்றும் வராது. அப்புறம் கம்பளித் துண்டு போல ஒன்று உருண்டு வரும். "இவ்வளவுமா இதுக்குள்ள இருந்தது" என்று நீங்களே கேட்பீர்கள். நாக்கின் மேற்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டிலும் பாருங்கள். முடிந்ததும் வயரைக் குத்தினால் "டிக்" என்று ஒரு பிடி கையில் தெரிய வேண்டும்.

வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். டயர்க் கடைக் கம்ப்ரஸரில் காற்று அடித்துக்கொண்டு வந்தவர்களும் எனக்கு வாடிக்கையாளர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு மைக்கும் சேர்த்து மாற்ற வேண்டி வந்தது.

உங்கள் கடைக்காரரைக் கோபிக்கவும் வேண்டாம். தொழில் தொடங்கிய புதிதில் நானும் இதைச் செய்தவள்தான். ஒரு ரீச்சரின் போனுக்குப் போர்ட் மாற்றிக் கொடுத்துவிட்டு, கழற்றிய பழையதை மாலையில் சும்மா கிளறிப் பார்த்தேன். உள்ளே தும்பு. அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் பழையது புதிது போல இருக்கிறது. அடுத்த நாள் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அவர் வாங்கவில்லை. "புதுசு போட்டது நல்லதுதானே மகள்" என்றார். அந்தப் பழைய போர்ட் இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. ஈர்க்கால் கிளறுவதற்கு யாரும் கூலி தரமாட்டார்கள், மாற்றினால் தருவார்கள். சின்னக் கடையின் சங்கடம் அது.

தும்பு எடுத்தும் ஆடினால் அடுத்தது வயரைச் சந்தேகியுங்கள். டைப்-சியில் தேயக்கூடிய வில்லுகளெல்லாம் வயரின் தலைக்குள் இருக்கின்றன. போனுக்குள் இருப்பது அசையாத நாக்குத்தான். மலிவானது முதலில் கெடட்டும் என்று வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்கள். 10,000 தடவை குத்திக் கழற்றினாலும் தாங்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். நாளுக்கு மூன்று தடவை என்று வைத்தாலும் ஒன்பது வருஷம் வருகிறது. நேராகக் குத்தி நேராக இழுத்தால்தான் அந்தக் கணக்கு. தீப்பெட்டி முட்டுக் கொடுப்பது அதில் சேராது. அதனால் பக்கத்து வீட்டு நல்ல வயர் ஒன்றை உங்கள் போனில் குத்திப் பாருங்கள், உங்கள் வயரை அவர்கள் போனில் குத்திப் பாருங்கள். குறை எதன் பின்னால் போகிறதோ, அதுதான் குற்றவாளி.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. டைப்-சியை எந்தப் பக்கமும் குத்தலாம். இரண்டு மூன்று நல்ல வயர்களிலும் ஒரு பக்கம் ஏறி, திருப்பிக் குத்தினால் ஏறாவிட்டால் போர்ட்டின் ஒரு பக்கத்துப் பின் (மின்சாரம் தொடும் சின்னத் தகடு) அழுக்காகியோ சேதமாகியோ இருக்கிறது. வயரைப் பிடித்து மெல்ல அசைக்கும்போது ஓட்டையின் உலோக வாயே சேர்ந்து ஆடினால் உள்ளே ஈயப் பற்று விட்டுவிட்டது. அப்போதுதான் கடைக்காரர் சொன்னது சரி. மாற்றுங்கள்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு மாணவர்: ஈர்க்குக்குப் பதிலாகக் குண்டூசி, சிம் கழற்றும் ஊசி பாவிக்கலாமா?

கூடாது தம்பி. டைப்-சி நாக்கின் தடிப்பு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. அதன் மேல் 12, கீழ் 12 என்று 24 பின்கள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. இரும்பு ஊசி ஒன்றையொன்று தொட வைக்கும், இல்லாவிட்டால் மேலிருக்கும் முலாமைச் சுரண்டும். முலாம் போன இடத்தில்தான் துரு பிடிக்கும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகர்: அம்மாவிடம் இருப்பது பழைய போன், மைக்ரோ யூஎஸ்பி. அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல். எந்தப் பக்கம் என்று தெரியாமல் திருப்பித் திருப்பிக் குத்துவார். இப்போது வயர் தானாகவே விழுகிறது. துப்புரவாக்கியும் சரிவரவில்லை.

அம்மாவின் மேல் பிழை இல்லை. மைக்ரோ யூஎஸ்பியில் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். தலைகீழாகக் குத்தி அமுக்கினால் ஓட்டையின் வாய் விரியும், உள்ளே இருக்கும் சின்ன நாக்கு உடையவும் கூடும். அதற்குக்கூட முதலில் ஒரு புது வயர் போட்டுப் பாருங்கள். அந்த வயர்த் தலையில் இரண்டு குட்டிப் பற்கள் மேலே துருத்திக்கொண்டிருக்கும், அவைதான் பிடி. பழைய வயரில் அவை தேய்ந்து படுத்திருக்கும். விரலால் தடவினால் வித்தியாசம் தெரியும். புது வயரும் விழுந்தால் போர்ட் போய்விட்டது. மாற்றிய பிறகு, வயரின் மேற்பக்கத்தில் நகப்பூச்சால் ஒரு பெரிய சிவப்புப் பொட்டு வைத்து விடுங்கள். போனிலும் அதே பக்கத்தில் ஒன்று. பொட்டும் பொட்டும் ஒரே பக்கம் என்று அம்மாவுக்குச் சொன்னால் போதும். என் அம்மாவின் போனிலும் அப்படித்தான்.

பழைய நோக்கியாவின் உருண்டைப் பின்னை இருட்டிலும் குத்தலாம். அதை நினைத்துப் பெருமூச்சு விடும் அம்மாமார் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு கடற்றொழிலாளி: தோணியில் போன் நனைந்துவிட்டது. வேலை செய்கிறது. சார்ஜ் போட்டால் மட்டும் நீர்த்துளிப் படம் வந்து நின்றுவிடுகிறது. வீட்டில் அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் அரிசிக்குள்ளிருந்து எடுங்கள். நெல் விளையும் பூமியில் பிறந்ததாலோ என்னவோ, நம் ஆட்களுக்கு இந்த வைத்தியத்தில் அசையாத நம்பிக்கை. அரிசித் தூளும் குறுணியும் போர்ட்டுக்குள் போவதுதான் கண்ட மிச்சம். ஆப்பிள் நிறுவனமே அரிசிக்குள் வைக்க வேண்டாம் என்று தன் வழிகாட்டலில் சொல்லியிருக்கிறது. ஓட்டை கீழே பார்க்கப் பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். பிறகு காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெயிலும் வேண்டாம், தலை உலர்த்தும் மெஷினும் வேண்டாம்.

நீர்த்துளிப் படம் வந்தால் அதை மீறிச் சார்ஜ் போட்டு அடம்பிடிக்காதீர்கள். ஈரத்தில் மின்சாரம் ஓடினால் பின்கள் அரித்துப் பச்சை பிடிக்கும். உங்கள் விஷயத்தில் அது வெறும் தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே இருக்கும், காற்றிலுள்ள ஈரத்தை மறுபடி மறுபடி இழுக்கும். காலையில் சரியாகி இரவில் படம் திரும்ப வந்தால் காரணம் இதுதான். போனை நிறுத்தி, தெரிந்த கடையில் கொடுத்து, ஐசோப்ரோபைல் அல்கஹோலால் துடைக்கச் சொல்லுங்கள். பெற்றோலும் தின்னரும் வேண்டாம். நிறுத்துவதற்கு முன் வீட்டாரின் இலக்கங்களை ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். நீரைத் தாங்கும் போனென்று விளம்பரத்தில் சொன்னது நல்ல தண்ணீருக்கு. வாவிக்கும் கடலுக்கும் அந்த உறுதிமொழி செல்லாது.

அம்பாறையிலிருந்து ஒரு வாசகி: போர்ட் மாற்றினேன். வயர் இறுக்கமாக நிற்கிறது. ஆனால் முன்பு ஒன்றரை மணித்தியாலத்தில் நிறைந்த பற்றரி இப்போது நான்கு மணித்தியாலம் எடுக்கிறது. பேசினால் மற்றப் பக்கத்துக்குக் குரலும் சரியாகக் கேட்பதில்லையாம்.

இரண்டும் ஒரே காரணமாக இருக்கலாம். நிறையப் போன்களில் போர்ட் தனியாக வருவதில்லை. அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பலகை இருக்கும், சப்-போர்டு என்போம். போர்ட்டும் பேசும் மைக்கும் சேர்ந்து அதில்தான் இருக்கும். உங்களுக்கு மாற்றியது அந்தப் பலகை முழுவதுமாக இருக்க வேண்டும். மலிவுப் பலகைகளில் வேகச் சார்ஜுக்கு வேண்டிய பாகங்களை விட்டுவிடுவார்கள், மைக்கும் தரம் குறைந்தது. வெறும் சார்ஜ் ஏறும், வேகம் ஏறாது. ரசீது இருந்தால் அதே கடைக்குப் போய், வேகச் சார்ஜ் வரும் பலகை போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். சண்டை வேண்டாம், உங்கள் சொந்தச் சார்ஜரையும் வயரையும் கொண்டுபோய் அங்கேயே குத்திக் காட்டுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு: போர்ட் மாற்றக் கொடுத்தால், வாங்கும்போது கடையிலேயே நின்று நான்கு விஷயம் பாருங்கள். இரண்டு பக்கமும் குத்தினால் ஏறுகிறதா, வேகச் சார்ஜ் என்று திரையில் வருகிறதா, ஒரு அழைப்பு எடுத்தால் குரல் போகிறதா, நெட்வேர்க் கோடு முன்பு போல நிற்கிறதா. சில மாடல்களில் அன்டனா வயரும் அந்தப் பலகையில்தான் கொளுவும், அவசரத்தில் கொளுவ மறப்பதுண்டு.

ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகர்: ஆடுகிற வயரோடு சமாளிக்கிறேன். ஆனால் குத்தும் இடம் சுடுகிறது, ஒரு நாள் தீய்ந்த மணமும் வந்தது.

சமாளிக்காதீர்கள், இன்றே நிறுத்துங்கள். அரைகுறையாகத் தொடும் பின்னில்தான் சூடு கிளம்பும். வயர்த் தலையில் கறுப்போ உருகலோ தெரிந்தால் வயரை வெட்டி எறியுங்கள், வேறு யாரும் எடுத்துக் குத்தாமல் இருக்க. போனைக் கடையில் காட்டும் வரை தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜ் போட வேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து: வயரே வேண்டாம் என்று வயர்லெஸ் சார்ஜர் வாங்கினால் தப்பலாமா?

உங்கள் போனில் அந்த வசதி இருந்தால் தப்பலாம். மலிவு விலைப் போன்களில் பெரும்பாலும் இருக்காது, வாங்கும் முன் பாருங்கள். சார்ஜ் மெதுவாக ஏறும், போனும் கொஞ்சம் சுடும். அப்படியே பழகிப் போர்ட்டை மறந்துவிட்டால், ஒரு நாள் படங்களைக் கணினிக்கு மாற்ற வயர் குத்தும்போதுதான் உள்ளே என்ன குடியிருக்கிறது என்று தெரியும்.

பொத்துவிலிலிருந்து, அறுகம்பையில் விடுதி நடத்துபவர்: அலைச்சறுக்கு ஆட வரும் விருந்தினர்களின் போன்களில் மணல் போய்விடுகிறது. அவர்களுக்கு என்ன சொல்ல?

மணலுக்கு ஈர்க்கும் வேண்டாம், சுரண்டினால் நாக்கில் கீறல் விழும். ஓட்டையைக் கீழே பிடித்துத் தட்டி, காய்ந்த மெல்லிய தூரிகையால் வெளிப்பக்கமாகத் துடைக்கச் சொல்லுங்கள். மணல் போகும் முன் வயரைக் குத்த வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடற்கரைக்குப் போகும்போது போனை ஒரு சின்னப் பொலித்தீன் பைக்குள் போட்டுக்கொள்ளட்டும். வரவேற்பு மேசையில் ஒரு கட்டுப் பை வைத்துவிடுங்கள்.