இனப்படுகொலை என்னும் சொல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பட்டர்வொர்த்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு மாணவர்களுக்குத் தமிழில் தனி வகுப்பு நடத்துகிறோம். பள்ளியில் வரலாற்றை மலாயில் படிப்பதால், அதையே தமிழில் எழுதச் சொன்னால் பிள்ளைகள் சொல் கிடைக்காமல் தடுமாறுகிறார்கள்.

சென்ற மாதம், 1948-ல் பிரிட்டிஷ் படையினர் 24 தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்ற பத்தாங் காலி பற்றி ஒன்று, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் ஆட்களைக் கட்டாயப்படுத்திப் போட்ட சயாம் மரண ரயில் பாதை பற்றி ஒன்று என இரண்டு கட்டுரைகள் எழுதச் சொன்னேன். ஒரு மாணவி இரண்டுக்குமே 'இனப்படுகொலை' என்று தலைப்பு வைத்திருந்தாள். பத்தாங் காலியில் அதை அடித்துவிட்டுப் 'படுகொலை' என்று திருத்தினேன். ரயில் கட்டுரையில் அப்படியே விட்டுவிட்டேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "24 பேர் செத்தா சின்ன வார்த்தை, லட்சம் பேர் செத்தா பெரிய வார்த்தையா டீச்சர்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போர், இன அழிப்பு, மனித உரிமை மீறல் தொடர்பான சொற்களை இரண்டு பக்கத்தில் தொகுத்துக் கொடுக்க நினைக்கிறேன். எந்தச் சொல்லை எங்கே வைப்பது?

ச.
பட்டர்வொர்த்

அன்புள்ள ச.,

உங்கள் மாணவி கேட்டது சட்டம் படித்தவர்களும் இடறி விழும் கேள்வி. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில், 'இல்லை' என்பதுதான். இந்தச் சொற்கள் சிறிது பெரிது என்று ஏணிப்படி போல அடுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு ஒன்றை நிரூபிக்கச் சொல்கிறது.

தமிழில் குழப்பம் அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. 'இனப்படுகொலை' என்றதும் மனம் பிணங்களை எண்ணப் போய்விடுகிறது. போலந்தைச் சேர்ந்த யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின் 1944-ல் 'ஜெனோசைட்' என்ற சொல்லை உருவாக்கினார். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை அதை ஓர் உடன்படிக்கையாக ஏற்றது. மலேசியாவும் 1994-ல் அதில் இணைந்தது. அந்த உடன்படிக்கை ஐந்து செயல்களைச் சொல்கிறது. கொல்வது அதில் ஒன்றுதான். உடலுக்கோ மனத்துக்கோ கடும் தீங்கு விளைவிப்பது, உயிரோடு இருக்கவே முடியாத வாழ்நிலையை வேண்டுமென்றே திணிப்பது, பிறப்பைத் தடுப்பது, பிள்ளைகளைப் பறித்து வேறு குழுவிடம் சேர்ப்பது ஆகியவை மற்ற நான்கு. கடைசி இரண்டில் ஓர் உயிர்கூடப் போகாமல் இருக்கலாம். ஆகவே உங்கள் பட்டியலில் 'இன அழிப்பு' என்பதை முதன்மைச் சொல்லாக வையுங்கள். 'இனப்படுகொலை' ஊன்றிவிட்ட வழக்கு, அதை விலக்க வேண்டாம். பக்கத்தில், கொலை இல்லாமலும் இது நடக்கும் என்று ஒரு வரி சேருங்கள்.

ஐந்தில் ஒன்று நடந்தால் மட்டும் போதாது. தேசிய, இன, மரபின, சமயக் குழு ஒன்றை, அந்தக் குழு என்பதற்காகவே, முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்திருக்க வேண்டும். வழக்குகள் நிற்பதும் விழுவதும் இந்த நோக்கத்தில்தான். அரசியல் குழுக்கள் அந்த நான்கில் இல்லை. உடன்படிக்கையை எழுதும்போதே அவற்றை விட்டுவிட்டார்கள். அது பெரிய குறை என்பது என் எண்ணம்.

இதை மாணவர்களுக்குக் காட்ட இரண்டு நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1995 ஜூலையில் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000-க்கு மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் பொஸ்னிய செர்பியப் படையினர் கொன்றார்கள். பெண்களையும் முதியவர்களையும் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றினார்கள். எல்லாரையும் கொல்லவில்லையே, இது எப்படி இன அழிப்பாகும் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு வாதாடியது. ஆண்களை இப்படி ஒரேயடியாக இல்லாமல் செய்தால் அந்தச் சமூகம் அந்த மண்ணில் மறுபடி தழைக்க முடியாது, செய்தவர்களுக்கு அது தெரியும் என்று, யூகோஸ்லாவியப் போர்க் குற்றங்களை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயம் சொன்னது. 'பகுதி' என்பது அந்தக் குழுவின் கணிசமான பகுதியாக இருக்க வேண்டும் என்ற விளக்கமும் அந்த வழக்குகளில் உறுதியானது. அதாவது எண்ணிக்கைக்கு இடமே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. நோக்கத்துக்குச் சான்றாக அது உள்ளே வருகிறது.

இப்போது சயாம் ரயில். 1942 முதல் 1943 அக்டோபர் வரை, சுமார் 415 கிலோமீட்டர். நம் தோட்டங்களிலிருந்து நல்ல கூலி, கொஞ்ச நாள் வேலை என்று ஆசை காட்டியும், பிறகு வளைத்துப் பிடித்தும் ஆட்களை ஏற்றிப் போனார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் தமிழர்கள் மிகப் பலர். ஸ்ரெப்ரெனிட்சாவைப் போலப் பல மடங்கு. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் இது இன அழிப்பு ஆகவில்லை. பாதை முடிய வேண்டும், எத்தனை பேர் செத்தாலும் சரி என்பது ஒரு நோக்கம். இந்த இனம் இருக்கவே கூடாது என்பது வேறொரு நோக்கம். ஜப்பானிய ராணுவத்திடம் இருந்தது முதலாவது. தமிழரோடு பர்மியரும் மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் அதே மண்ணில் அதே வேலையில் செத்தார்கள்.

அப்படியானால் இதற்குச் சொல் இல்லையா? இருக்கிறது, கனமான சொற்கள்: கட்டாய உழைப்பு, அடிமைப்படுத்தல், போர்க்குற்றம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றம். இந்தக் கடைசிச் சொல்லை உங்கள் மாணவிக்கு நிதானமாக விளக்குங்கள். பொதுமக்கள் மீது பரவலாக அல்லது திட்டமிட்ட முறையில் நடக்கும் தாக்குதலின் பகுதியாக, அது தெரிந்தே செய்யப்படும் கொலை, அடிமைப்படுத்தல், நாடுகடத்தல், சித்திரவதை, பாலியல் வன்முறை எல்லாம் இதில் அடங்கும். போர் நடந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. இன்ன குழு என்ற நிபந்தனையும் இல்லை. இதற்குள் 'பெருந்திரளாகக் கொன்றொழித்தல்' என்று ஒரு தனிக் குற்றம் உண்டு. அவள் தேடிய, எண்ணிக்கை கேட்கும் சொல் அதுதான். 'மனிதாபிமானத்துக்கு எதிரான குற்றம்' என்று சில நாளிதழ்களில் வருகிறது. தயவுசெய்து அதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். மனிதாபிமானம் இரக்கத்தைக் குறிக்கும். இரக்கமில்லாமல் நடந்துகொண்டார்கள் என்பதா குற்றச்சாட்டு?

இன அழிப்பு என்றால் முதல் தரம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்றால் இரண்டாம் தரம் என்ற எண்ணம் நம்மிடையே வேரோடியிருக்கிறது. சட்டத்தில் அப்படித் தரவரிசை இல்லை. 2009-ல் இலங்கைப் போர் முடிந்த முள்ளிவாய்க்கால் பற்றிய பேச்சு இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறது. ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் போர்க்குற்றங்களுக்கும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன என்றது. இலங்கையின் வட மாகாண சபை 2015 பிப்ரவரியில் இன அழிப்பு என்று தீர்மானம் நிறைவேற்றியது. கனடா நாடாளுமன்றம் 2022-ல் மே 18-ஐத் தமிழ் இன அழிப்பு நினைவு நாளாக ஏற்றது. நிபுணர் குழு, மாகாண சபை, வெளிநாட்டு நாடாளுமன்றம் மூன்றும் பேசியிருக்கின்றன. சர்வதேச நீதிமன்றம் எதுவும் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆகவே உங்கள் தாளில் 'யார் சொன்னது, எப்போது' என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். நீதிமன்றம் சொல்லவில்லை என்பதை 'நடக்கவில்லை' என்று படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கட்டம் இருந்தால் அந்தப் பிழைக்கும் இடமிருக்காது.

நீதிமன்றம் என்றேன். ஹேக் நகரில் இரண்டு இருக்கின்றன, தமிழ்ச் செய்திகள் இரண்டையும் 'சர்வதேச நீதிமன்றம்' என்றே எழுதுகின்றன. ஒன்று நாட்டை நாடு வழக்காடும் இடம். ரொஹிங்யா மக்களுக்காக மியன்மார் மீது காம்பியா 2019 நவம்பரில் வழக்குத் தொடுத்ததும், 2020 ஜனவரியில் இடைக்கால உத்தரவு வந்ததும் அங்கேதான். அங்கே யாரும் சிறைக்குப் போவதில்லை. மற்றது, தனி மனிதர்களை விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். மலேசியா 2019 மார்ச்சில் சேர்ந்து அடுத்த மாதமே விலகியது இந்த இரண்டாவதில். 'குற்றவியல்' என்ற சொல்லை விட்டுவிட்டால் செய்தி முழுவதும் தலைகீழாகிவிடும்.

'இனச் சுத்திகரிப்பு' 1990-களில் யூகோஸ்லாவியப் போரோடு உலகம் முழுக்கப் பரவிய சொல். ஒரு பகுதியிலிருந்து ஒரு மக்களை விரட்டி வெளியேற்றுவதைக் குறிக்கிறது. தனிக் குற்றமாக எந்த உடன்படிக்கையிலும் இல்லை. 'சுத்தம்' என்பது செய்தவனின் பார்வையிலிருந்து வருவதால், எழுதும்போது மேற்கோள் குறிக்குள் வைப்பது நல்லது.

இனி பத்தாங் காலி. தேதியைக் கவனிக்கச் சொல்லுங்கள். டிசம்பர் 9-ல் இன அழிப்பு உடன்படிக்கை, 10-ல் மனித உரிமைப் பிரகடனம், 12-ல் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் 24 நிராயுதபாணிகளின் கொலை. மூன்றும் 1948, ஒரே வாரத்துக்குள். அதிகாரபூர்வ விளக்கம், தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார்கள் என்பது. 2015-ல் லண்டன் உச்ச நீதிமன்றம், விசாரணை நடத்தும் சட்டக் கடமை பிரிட்டிஷ் அரசுக்கு இல்லை என்று தீர்த்தது.

இதைப் போர்க்குற்றம் எனலாமா? அங்கேதான் 'அவசரகாலம்' என்ற பெயர் குறுக்கே நிற்கிறது. மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களோடு பன்னிரண்டு ஆண்டு நடந்த சண்டையைப் பிரிட்டிஷார் போர் என்று அழைக்கவே இல்லை. போர் என்று ஒப்புக்கொண்டால் போர்ச் சட்டம் பற்றிய கேள்வியும் கூடவே வரும். உள்நாட்டுச் சண்டையிலும் பிடிபட்டவரைக் கொல்லக் கூடாது என்ற பொது விதி ஜெனீவா உடன்படிக்கைகளில் வந்தது 1949 ஆகஸ்டில்தான். இன்றைய அளவுகோலில் இதற்குப் பொருந்தும் சொற்கள் இரண்டு: 'சட்டத்துக்குப் புறம்பான கொலை', ஆயுத மோதல் நடந்தது என்று ஏற்றால் 'போர்க்குற்றம்'. நீங்கள் திருத்தி எழுதிய 'படுகொலை' தவறில்லை. ஆனால் அது வழக்குச் சொல், அதற்குச் சட்ட வரையறை கிடையாது. மாணவி அதைச் 'சின்ன வார்த்தை' என்று எண்ணியதற்கு நாம்தான் காரணம். அதன் பக்கத்தில் எந்தச் சட்டச் சொல்லையும் நாம் வைக்கவில்லை.

போரில் பொதுமக்கள் இறந்தாலே போர்க்குற்றம் என்றும் எழுதுகிறார்கள். பார்க்க வேண்டியவை மூன்று. படையினரையும் பொதுமக்களையும் வேறுபடுத்தினார்களா? ராணுவப் பலனுக்கு மிஞ்சிய சேதம் வருமென்று தெரிந்தும் தாக்கினார்களா? முடிந்த முன்னெச்சரிக்கையை எடுத்தார்களா? ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பாதுகாப்பு உண்டு. உள்ளிருந்து எதிரிக்குத் தீங்கு செய்தால் அந்தப் பாதுகாப்பு போகும். அப்போதும் முதலில் எச்சரிக்க வேண்டும், அவகாசம் தர வேண்டும். காயம்பட்ட போராளிக்கு அங்கே சிகிச்சை நடக்கிறது என்பது 'தீங்கு' ஆகாது. செய்தி அறிக்கைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தக் கடைசி வரி.

பெயர் சூட்டுவதைப் பற்றிப் பட்டியலில் தனியாக ஒரு பகுதி ஒதுக்குங்கள். 2009-ல் இலங்கை அரசு தன் போரை 'மனிதாபிமான நடவடிக்கை' என்றது. சுடப்படாது என்று அறிவித்த வலயத்துக்குள் எறிகணைகள் விழுந்தன. வெளியே வந்தவர்களை முள்வேலிக்குள் அடைத்து, அந்த இடத்துக்கு 'நலன்புரி நிலையம்' என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டிலும் 1950-க்குப் பிறகு லட்சக்கணக்கானவர்களைப் பெயர்த்து வேலிக்குள் குடியமர்த்திய இடத்துக்குப் பெயர் 'புதுக்கிராமம்'. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கச் சொல்லவில்லை. அரசு வைத்த பெயர், அங்கே இருந்தவர்கள் வைத்த பெயர், சட்டம் தரும் பெயர் என மூன்று பத்தி போட்டு மாணவர்களையே நிரப்பச் சொல்லுங்கள்.

தமிழ் நமக்கு உதவும் ஓர் இடம் உண்டு. 'காணாமல் போனவர்' என்றால் அவரே போனார் என்றாகிறது. 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்றதும், ஆக்கியவர் யார் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. வன்னியில் பிள்ளைகளைத் தேடும் தாய்மார்கள் இரண்டாவது சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான். சட்டப்படி இந்தச் சொல் பொருந்த மூன்று தேவை: அரசு ஆட்களோ அவர்கள் துணையுள்ளவர்களோ ஒருவரைப் பிடித்துப் போயிருக்க வேண்டும், பிடித்ததை மறுத்தோ இருக்கும் இடத்தை மறைத்தோ இருக்க வேண்டும், அவர் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளப்பட்டிருக்க வேண்டும். கதி தெரியும்வரை குற்றம் நடந்துகொண்டே இருக்கிறது என்பது இதன் தனித்தன்மை. சமூக ஆர்வலர் அம்ரி சே மாட், பாதிரியார் ரேமண்ட் கோ இருவரும் இவ்வாறு காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என்று மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாம் 2019 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. அதைத் தமிழில் எழுதியபோதும் 'காணாமல் போன' என்றே எழுதினால், அந்த முடிவையே அழித்துவிடுகிறோம்.

'மனித உரிமை மீறல்' அரசைச் சுட்டும் சொல். திருடன் கொன்றால் குற்றம். காவலில் இருப்பவர் அடியில் இறந்தால் குற்றமும் ஆகும், மீறலும் ஆகும். 'அகதி' பற்றி ஒரு வார்த்தை. செலாயாங் மொத்தச் சந்தையில் மூட்டை தூக்கும் ரொஹிங்யா இளைஞர் உலக வரையறைப்படி அகதி. நம் குடிநுழைவுச் சட்டம் அப்படி ஒரு பிரிவையே அறியாது. ஆகவே அவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று செய்தியில் எழுதுகிறார்கள். அவர் எதிலிருந்து தப்பி வந்தார் என்பது அந்தச் சொல்லில் இல்லை.

கடைசியாக வினைச்சொற்கள். 'பலி', 'உயிரிழப்பு', 'மாண்டனர்' ஆகியவற்றை நிலச்சரிவுக்கும் விபத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மனிதன் கை பட்டிருந்தால் 'கொன்றனர்' என்று எழுவாயோடு எழுதப் பழக்குங்கள். உங்கள் மாணவியின் தாளில் தலைப்பை அடித்த இடத்துக்குக் கீழே இப்படி எழுதலாம்: 'சுங்கை ரிமோ தோட்டத்தில், பிரிட்டிஷ் படையினர் தம் பிடியில் இருந்த 24 நிராயுதபாணித் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றனர்.' ரயில் கட்டுரையின் தலைப்பையும் மாற்றச் சொல்லுங்கள். என்ன வைப்பது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும், காரணத்தை இரண்டு வரியில் எழுதினால் போதும்.