உறுதி எழுதலாம், உடன்படிக்கை எழுதக்கூடாதா?

கேள்வி: மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டோம். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. சொத்து, உழைப்பு, கடன் பற்றி இருவரும் தாலிக்கு முன்பே ஓர் உடன்படிக்கை எழுத வேண்டும் என்று மகள் நிற்கிறாள். கட்டுமுன்பே பிரிவுக்குக் காகிதம் எழுதுவது அபசகுனமில்லையா?
- ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: வீட்டையும் வளவையும் மகள் பெயருக்கு நன்கொடை உறுதியாக, அதாவது சொத்துப் பத்திரமாக, எழுதியிருப்பீர்கள், உயிரோடு இருக்கும்வரை அதை அனுபவிக்கும் உங்கள் சீவிய உரித்தையும் அதில் மறக்காமல் வைத்திருப்பீர்கள். நகை எத்தனை பவுண் என்று இரு வீட்டாரும் வாய்விட்டுப் பேசியபோது வராத அபசகுனம், வாழப்போகிற இருவரும் பேசும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது? நம் முஸ்லிம் அயலவர்கள் மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹர் தொகையைக் கல்யாணப் பதிவிலேயே எழுதுகிறார்கள். அதனால் எந்த வீட்டிலும் விளக்கு அணைந்ததில்லை.

யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமை மட்டக்களப்பாராகிய நமக்குப் பொருந்தாது. சொத்துரிமை பற்றிய நமது பழைய முக்குவர் வழமையும் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்துவிட்டது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனைவியின் சொத்து மனைவிக்கு, கணவனுடையது கணவனுக்கு. எனவே சொத்து கலந்துவிடும் என்ற பயத்தில் வெளிநாட்டார் எழுதுகிற உடன்படிக்கை அல்ல நமக்குத் தேவை. கலந்த பிறகு எது யாருடையது என்று சொல்லத்தான் இங்கே காகிதம் வேண்டும்.

மகளின் நகையை அடகு வைத்து மாப்பிள்ளையின் விசாவைப் புதுப்பிக்கிறார்கள் என்று வையுங்கள். அவர் அனுப்பும் காசில், மகளின் சீதன வீட்டின்மேல் ஒரு மாடி எழும்புகிறது. உறுதியோ மகள் பெயரில். சீமெந்தும் கம்பியும் மாப்பிள்ளையின் வியர்வை. மீட்காத நகையோ வங்கியில். பிணக்கு என்று வந்தால் இருவருமே தாங்கள்தான் ஏமாந்தவர்கள் என்பார்கள், இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையோரத்தில், பெண்களின் சீதன வளவுகளுக்கு ஈடாகக் கிடைத்த வீடுகள் பல ‘குடும்பத் தலைவர்’ என்று கணவன்மார் பெயரில் பதியப்பட்டதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள்.

உடன்படிக்கை எழுதினால் எல்லாம் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்பதை அவர்களின் நலன் பார்த்து நீதிமன்றமே தீர்மானிக்கும். அவர்களுடைய பராமரிப்பை எந்தக் காகிதத்தாலும் தட்டிக்கழிக்க முடியாது. காணி சம்பந்தப்பட்ட எதுவும் 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி இரண்டு சாட்சிகளுடன் உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டினால் போதாது. மகளுக்கு ஒரு சட்டத்தரணி, மாப்பிள்ளைக்கு வேறொருவர் என்று வைப்பது நல்லது. ஏற்கெனவே உள்ள கடன்களை இருவரும் ஒளிக்காமல் எழுதட்டும். மாப்பிள்ளையின் தங்கைக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட சீதனம் ஏதும் இருந்தால் அதையும் சேர்த்துத்தான்.

மாப்பிள்ளை விடுமுறையில் வந்ததும், நாள் குறிக்குமுன் இருவரையும் ஒரு பின்னேரம் தனியே இருத்திப் பேச விடுங்கள். தரகரை அன்றைக்கு அழைக்க வேண்டாம்.