எல்லாம் அவரவர் கருத்துதானா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘சரி, தவறு என்று தனியாக எதுவும் கிடையாது, எல்லாம் அவரவர் பார்வை’ என்கிறார் நண்பர். மறுக்கவும் தெரியவில்லை, ஏற்கவும் மனம் வரவில்லை. எதுதான் உண்மை?

பதில்: எதை மறுக்கிறார் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். ‘அறம் மாறாதது’ என்ற பேச்சுக்குள் மூன்று கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. விதிக்கு விலக்கே கிடையாது என்பது ஒன்று. எல்லா மனிதருக்கும் ஒரே அளவுகோல் என்பது இன்னொன்று. உலகமே கூடி ‘சரி’ என்று கைதூக்கினாலும் தவறு தவறுதான், அதாவது அது யாருடைய எண்ணத்தையும் பொறுத்ததல்ல என்பது மூன்றாவது. பெரும்பாலான வாதங்கள் முதலாவதை உடைத்துவிட்டு மூன்றாவதும் உடைந்துவிட்டதாகக் கொண்டாடுகின்றன. உயிரைக் காக்கப் பொய் சொல்லலாம் என்று காட்டிவிட்டால், விதிக்கு விலக்கு உண்டு என்று மட்டும்தான் ஆகும். அந்த விலக்கு அவரவர் விருப்பம் என்று ஆகாது. மருந்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதனால் சரியான அளவு என்று ஒன்று இல்லை என எந்த மருத்துவரும் சொல்வதில்லை.

இனி ‘கருத்து’ பக்கம். ‘இது தவறு’ என்றால் ‘இது எனக்குப் பிடிக்கவில்லை’ என்றுதான் பொருள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், கொடுமை சரி என்பவரும் தவறு என்பவரும் முரண்படவே இல்லை. அவருக்குப் பிடிக்கிறது, இவருக்குப் பிடிக்கவில்லை, இரண்டுமே உண்மை! போன வருடம் நாம் நினைத்தது தவறு என்று இன்று திருத்திக்கொள்ளவும் வழியில்லை; ரசனை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலுக்குள் மாட்டாத வடிவம் ஒன்றை 1936-இல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஏ. ஜே. அயர் முன்வைத்தார். ‘இது தவறு’ போன்ற அறவாக்கியம் எதையும் அறிவிப்பதில்லை, உணர்ச்சியை வெளியிடுகிறது; ஆகவே அது உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல என்றார். 1965-இல் பீட்டர் கீச் என்ற தத்துவவாதி இதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டார். ‘பூனையை வதைப்பது கெட்டது என்றால், தம்பியைத் தூண்டிவிட்டு வதைக்கச் செய்வதும் கெட்டது.’ இந்த வாக்கியத்தைச் சொல்பவர் பூனை வதையை இன்னும் கண்டிக்கவில்லை. ‘என்றால்’ என்று நிபந்தனைதான் போடுகிறார். வெளிப்படும் உணர்ச்சி எதுவும் இல்லாத இடத்தில் ‘கெட்டது’ என்ற சொல் என்ன வேலை செய்கிறது? அயரின் வழிவந்தவர்கள் இன்றுவரை இதற்குப் பலவிதமாக விடை சொல்லிப் பார்க்கிறார்கள்.

நண்பர் கெட்டிக்காரராக இருந்தால் ஜே. எல். மேக்கி என்ற தத்துவவாதியிடம் போவார். நாம் ‘தவறு’ என்று சொல்லும்போது புறவயமான, அதாவது யாருடைய எண்ணத்தையும் சாராத ஒன்றைத்தான் குறிக்கிறோம், ஆனால் அப்படி ஒன்று உலகில் இல்லை, எனவே அப்பேச்சு அத்தனையும் பிழை என்று 1977-இல் அவர் வாதிட்டார். எதிரணியில் ஆகப் பலமான வாதம் இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் மேக்கி சொல்வது ‘எல்லோர் கருத்தும் சரி’ என்பதல்ல, ‘ஒருவர் கருத்தும் சரியல்ல’ என்பது. நண்பர் சொன்னதற்கு நேர்மாறு.

2020-இல் தத்துவத்துறையினரிடம் நடந்த ஃபில்பேப்பர்ஸ் கணக்கெடுப்பில், சுமார் 62 சதவீதம் பேர் அறவுண்மைகள் (யாருடைய கருத்தையும் பொறுத்திராத சரி, தவறுகள்) உண்டு என்ற பக்கமும், 26 சதவீதம் பேர் இல்லை என்ற பக்கமும் சாய்ந்தார்கள். வாக்கெடுப்பால் உண்மை தீர்மானமாகாதுதான். ஆனாலும் ‘படித்தவர்கள் யாரும் இதை நம்புவதில்லை’ என்று யாராவது சொன்னால் இந்த எண் பயன்படும்.

கேள்வி: வழக்கங்கள் இடத்துக்கு இடம் மாறுகின்றனவே, அதுவே போதுமான சான்று இல்லையா?

பதில்: இல்லை. பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் பழைய கதை ஒன்று உண்டு. பாரசீக மன்னன் டேரியஸ், இறந்த தந்தையின் உடலைத் தின்ன எவ்வளவு பணம் வேண்டும் என்று கிரேக்கர்களைக் கேட்டான். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம் என்றார்கள். உடலைத் தின்னும் வழக்கமுள்ள கல்லத்தியர்களை அழைத்து, கிரேக்கர்களைப் போல எரிப்பதற்கு எவ்வளவு என்று கேட்டான். அவர்கள் அலறினார்கள். வழக்கம்தான் எல்லாம் என்று காட்ட இதைச் சொல்வார்கள். ஆனால் தந்தையின் உடலுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. எது மரியாதை என்பதில்தான் வேறுபாடு. எல்லா வேறுபாடுகளும் இப்படிக் கரைந்துவிடாது என்பதும் உண்மை. அடிமை முறையை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையே இருந்தது சடங்கு வேறுபாடு அல்ல. அங்கேயும் கருத்து மோதல் இருந்தது என்பது, இரண்டும் சமம் என்று காட்டாது.

கேள்வி: ‘அவரவர்க்கு அவரவர் நியாயம்’ என்று விட்டுவிடுவதுதானே சகிப்புத்தன்மை?

பதில்: ‘பிறர் வழக்கத்தில் யாரும் தலையிடக் கூடாது’ என்பது எல்லோருக்கும் பொதுவான விதியா, உங்கள் கருத்து மட்டும்தானா? பொது விதி என்றால், நீங்கள் ‘எல்லாம் அவரவர் பார்வையைச் சார்ந்தது’ என்னும் சார்புவாதி அல்ல. வெறும் கருத்து என்றால், சகிக்காதவரை நிறுத்தச் சொல்ல உங்களிடம் காரணம் இல்லை. 1947-இல் அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் நிர்வாகக் குழு, ஐ.நா. மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பிய அறிக்கையில், மதிப்புகள் பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்று சொல்லிக்கொண்டே எல்லாப் பண்பாடுகளையும் மதிக்க வேண்டும் என்று கோரி, இதே சுழலில்தான் சிக்கியது. 1999-இல் அதே சங்கம் மனித உரிமைகளை ஆதரித்துத் தனிப் பிரகடனம் வெளியிட்டது.

கேள்வி: பொய் எப்போதுமே தவறா?

பதில்: கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் கூடாது என்று 1797-இல் ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் எழுதினார். இதில் நான் வள்ளுவர் கட்சி. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்கிறது 292-ஆம் குறள். ‘குற்றமற்ற’ என்ற நிபந்தனையை மறந்துவிட்டு, தனக்கு வசதியான பொய்க்கெல்லாம் இந்தக் குறளை எடுப்பவர்கள் உண்டு. 1930-இல் டபிள்யூ. டி. ராஸ் என்ற தத்துவவாதி சொன்ன வழி இங்கே உதவும். வாக்குக் காத்தல், தீங்கு செய்யாமை, நன்றி, ஈடுசெய்தல் போன்ற கடமைகள் பல உண்டு. மோதும்போது ஒன்று பின்வாங்கும், ஆனால் அழியாது. எனவே நோயாளியைப் பார்க்க ஓடி, சந்திப்பைத் தவறவிட்டவர், செய்தது சரியென்றாலும் காத்திருந்தவரிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டவர்.

கேள்வி: இப்படிப்பட்ட வாதங்கள் கத்தலில் முடிகின்றன. எப்படிப் பேசுவது?

பதில்: தகவல் சண்டையையும் மதிப்புச் சண்டையையும் முதலில் பிரியுங்கள். குழந்தையை அடிக்கலாமா என்ற வாதம் என்றால், ‘அடித்தும் பயனில்லை என்று தெரிந்தால் உங்கள் முடிவு மாறுமா?’ என்று கேளுங்கள். மாறும் என்றால் விவகாரம் தகவலில் இருக்கிறது, ஆதாரம் தேடலாம். மாறாது என்றால் அவர் நம்பும் கொள்கையை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லி, ‘நான் சொன்னது இதுதான்’ என்று அவர் ஒப்புக்கொள்ளும்வரை திருத்துங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். எதிராளி சொல்லாததை அடித்து வீழ்த்துகிறார்கள். அடுத்து, அந்தக் கொள்கைக்கு எதிர் உதாரணம் கொடுங்கள், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு விவரத்தை மட்டும் மாற்றுங்கள். வயதையும் நோக்கத்தையும் ஒருசேர மாற்றினால், முடிவு எதனால் மாறியது என்று தெரியாது. ஆட்களை இடம் மாற்றியும் பாருங்கள்: அடிவாங்குபவர் நீங்கள் என்றால் அதே கொள்கை நிற்குமா? ஓடும் ரயில், மூழ்கும் படகு போன்ற அதீத உதாரணங்களைக் கடைசிக்கு வையுங்கள். அங்கே யாருடைய உள்ளுணர்வும் தள்ளாடும். இத்தனைக்குப் பிறகும் இருவரும் ஒத்துப்போகாவிட்டால், எந்த வாக்கியத்தில் பிரிகிறீர்கள் என்றாவது தெரிந்திருக்கும். அதை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த முறை அங்கிருந்தே தொடங்கலாம்.