சின்னப் படகுக்கு எந்த வாட்டர் ஸ்பானியல்?
விஸ்கான்சினில் சின்னப் படகில் வாத்து வேட்டைக்குப் போகிறீர்கள், சுட்ட வாத்தை நீரிலிருந்து எடுத்துவர எந்த நாய் நல்லது, ஐரிஷ் வாட்டர் ஸ்பானியலா, அமெரிக்கன் வாட்டர் ஸ்பானியலா என்று கேட்டிருந்தீர்கள். நான் அமெரிக்கனைத்தான் சொல்வேன். உங்கள் மாநிலத்து ஃபாக்ஸ், வுல்ஃப் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இதே வேலைக்காக உருவான இனம் அது. எடை 11 முதல் 20 கிலோதான். நனைந்த நாய் வாத்தைக் கவ்விக்கொண்டு ஏறும்போது படகு ஒரு ஆட்டம் ஆடுமே, அப்போது தெரியும் இந்த எடையின் அருமை.

ஐரிஷ் 30 கிலோ வரை வரும். குளிர்ந்த நீரில் அது நீந்துவது அழகோ அழகு! ஆனால் அந்தச் சுருள் முடியை வாராவாரம் சீவாவிட்டால் சடைபிடித்துவிடும்.

அமெரிக்கன் கொஞ்சம் அதிகமாகக் குரைக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம், குட்டி வாங்குமுன் தாய், தந்தை இரண்டுக்கும் இடுப்பு, கண், இதயப் பரிசோதனைச் சான்று கட்டாயம் கேளுங்கள்.