மேனேஜருக்குச் சம்பளம் அதிகமா, ஆட்டக்காரருக்கா?

கேள்வி: ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர் நான். மகனைப் பார்க்க லாஸ் ஏஞ்சலிஸ் வந்திருக்கிறேன். அவன் டாட்ஜர்ஸ் அணியின் தீவிர ரசிகன். “பேஸ்பாலில் மேனேஜரைவிட ஆட்டக்காரருக்குத்தான் சம்பளம் அதிகம்” என்கிறான். மேனேஜரைவிட அவருக்குக் கீழே வேலை செய்பவர் அதிகம் வாங்குவாரா? “ஒருக்காலும் இருக்காது” என்று பந்தயம் கட்டிவிட்டேன். தோற்றவர் செலவில் ஓட்டல் சாப்பாடு. யார் சொல்வது சரி?

பதில்: ஐயா, கேட்டுவிட்டுப் பந்தயம் கட்டியிருக்கலாம்!

முதலில் ஒரு விஷயம். பேஸ்பால் மேனேஜர் அறைக்குள் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை மாட்டிக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் இருப்பார். யார் எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, பந்து வீசுகிறவரை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அவர் பாடு. பருவத்துக்கு 162 ஆட்டங்கள். அணிக்கு யாரை வாங்குவது என்று முடிவு செய்யும் ஜெனரல் மேனேஜர் வேறு ஆள்.

சம்பளத்துக்கு வருவோம். உங்கள் மகனின் அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் 2025 மார்ச்சில் 4 ஆண்டுகளுக்கு 3 கோடியே 24 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். ஆண்டுக்கு 81 லட்சம். நம் ரூபாயில் 60 கோடியைத் தாண்டும். ஓராண்டுக்கு அதுவரை எந்த மேனேஜரும் வாங்காத தொகை. அதற்கு முன் 2023இல் கிரெய்க் கவுன்செல் சிகாகோ கப்ஸ் அணிக்கு மேனேஜராகப் போனபோது 5 ஆண்டுகளுக்கு 4 கோடி டாலர் என்று கேட்டு எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

ராபர்ட்ஸ் சொல்கிற இடத்தில் மட்டை பிடிக்கும் ஷோஹெய் ஒத்தானியின் ஒப்பந்தமோ 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர். ஆண்டுக்கு 7 கோடி! இங்கே மகன் சொல்வதுதான் சரி.

ஏன் இப்படி? வங்கியில் இருந்த உங்களுக்கு யூனியனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1966இல் மார்வின் மில்லர் தலைமைக்கு வந்த பிறகு ஆட்டக்காரர் சங்கம் முதலாளிகளோடு மல்லுக்கட்டி ஒவ்வொன்றாக வாங்கியது. இன்று புதிதாக வரும் பையனுக்கும் 2025 கணக்குப்படி ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர் உண்டு. மேனேஜர்களுக்குச் சங்கமும் இல்லை, குறைந்தபட்சத் தொகையும் இல்லை. தனி ஆளாகப் போய்ப் பேரம் பேச வேண்டும். போதாததற்கு, முன்பு மேனேஜர் அனுபவத்தால் எடுத்த முடிவுகளில் பாதியை இப்போது கம்ப்யூட்டரும் புள்ளிவிவரமுமாக மேலிடமே எடுத்துவிடுகிறது. “பிறகு எதற்கு அவருக்குக் கொட்டிக் கொடுப்பது?” என்று முதலாளி கேட்கிறார். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அணி தோற்றால் முதலில் உருளுவது மேனேஜர் தலைதானே? 2025 மே மாதத்தில் மட்டும் 3 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரே ஆறுதல், வேலை போனாலும் ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள சம்பளம் பொதுவாக வந்துவிடும்.

ரோஷக்காரர்களும் உண்டு. நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு மேனேஜராக இருந்து, அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியன் பட்டமான வேர்ல்ட் சீரீஸை 4 முறை வென்று கொடுத்தவர் ஜோ டோரி. 2007இல் அவருக்கு ஓராண்டுக்கு 50 லட்சம் டாலர், பிறகு அணி ஒவ்வொரு கட்டமாக முன்னேறினால் ஊக்கத்தொகை என்றார்கள். “நான் என்ன, ஆசை காட்டினால்தான் வேலை பார்ப்பேனா?” என்கிற மாதிரி எழுந்து போய்விட்டார். போன இடம் உங்கள் மகனின் டாட்ஜர்ஸ்தான். அங்கே கிடைத்தது 3 ஆண்டுகளுக்கு 1 கோடியே 30 லட்சம். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் உதறியதைவிடக் குறைச்சல்!

அப்புறம், கடைசியாக ஒரு துருப்புச் சீட்டு தருகிறேன். ஒத்தானி தன் 7 கோடியில் ஆண்டுக்கு 20 லட்சம் டாலரை மட்டும்தான் இப்போது வாங்குகிறார். மீதியை 2034 முதல் 2043 வரை, வட்டியில்லாமல் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அதாவது இந்த வருடம் அணியிடமிருந்து கைக்கு வரும் பணத்தில் மேனேஜர் ராபர்ட்ஸ்தான் ஒத்தானியைவிட மேலே! விளம்பர வருமானத்தைப் பற்றி மகன் பேச்செடுப்பதற்குள் சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.