வாசகர் கேள்விகள்: பேக்கேஜ் இறங்கும்போது விழும் பில்ட்

கேள்வி: எங்கள் பில்ட் (நிரலைத் தானாகத் தொகுத்துத் தயாராக்கும் ஓட்டம்) நாளுக்கு ஓரிரு முறை பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகும் கட்டத்தில் விழுந்துவிடுகிறது. மறுபடி ஓட்டினால் ஒழுங்காக முடிந்துவிடுகிறது. என் மடிக்கணினியில் ஒருமுறைகூட இப்படி வந்ததில்லை. ‘நெட்வொர்க் பிரச்சினை, விட்டுத்தள்ளு’ என்கிறார் டீம் லீட். விழுந்தால் தானாகவே மூன்று முறை மறுபடி ஓடும்படி ஸ்கிரிப்ட் எழுதிவிடட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எழுதிவிட்டால் கோளாறு போகாது, கண்ணிலிருந்து மறையும், அவ்வளவுதான். பில்ட் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், ஏனென்று யாருக்கும் தெரியாது. கோளாறைக் காட்டிக்கொடுக்கும் பதிவுகளும் ‘வெற்றி’ என்ற பச்சைக் குறிக்குக் கீழே புதைந்துபோகும்.

நாளுக்கு ஓரிரு முறை என்கிறீர்கள். எந்த ஓரிரு முறை? அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். விழுந்த ஒவ்வொரு பில்டுக்கும் நான்கு விஷயங்களைக் குறித்து வையுங்கள்: எந்த ரன்னரில் (பில்டை ஓட்டும் இயந்திரம்) ஓடியது, எத்தனை மணிக்கு, அப்போது கூடவே வேறு எத்தனை பில்ட் ஓடிக்கொண்டிருந்தன, பதிவில் வந்த முதல் பிழை என்ன. கடைசிப் பிழை அல்ல, முதல் பிழை. கடைசியில் வருவது பெரும்பாலும் ‘இன்ஸ்டால் தோற்றது’ என்ற பொதுவான வரி. அதற்கு நூறு வரி மேலே போய்ப் பாருங்கள், உண்மையான காரணம் அங்கே இருக்கும். பத்துப் பன்னிரண்டு குறிப்பு சேர்ந்தாலே, தற்செயல் என்று நினைத்ததில் ஓர் ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

நான் உட்கார்ந்து பார்த்த ஒரு கேஸைச் சொல்கிறேன். அங்கேயும் ‘எப்போதாவது விழுகிறது’ என்றுதான் சொன்னார்கள். ரன்னர் பெயரை எழுதி வைத்துப் பார்த்தால், விழுந்ததெல்லாம் ஒரே ரன்னரில். பில்ட் அந்த ரன்னருக்குப் போய்ச் சேர்ந்த நாளில் விழுந்தது, மற்ற நாளில் பிழைத்தது. அந்த ரன்னரில் பிங் போனது, டிஎன்எஸ் பதில் வந்தது, சில சர்வர்களிலிருந்து பேக்கேஜும் சரசரவென்று இறங்கியது. வேறு சில சர்வர்களில் மட்டும், இணைப்பு கிடைத்த கையோடு அப்படியே நின்று, டைம்அவுட் ஆகும் வரை அசையவில்லை. காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய அதிகபட்ச அளவு. அந்த ரன்னரின் போக்குவரத்து ஒரு டனல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் வழி) வழியாகப் போய்க்கொண்டிருந்தது. டனலின் தலைப்புக்கு 50 பைட் போக, ஒரு பாக்கெட்டுக்கு 1450 பைட்தான் இடம். உள்ளே ஓடிய டாக்கரோ (நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனி அறைகளில் ஓட்டும் கருவி) வழக்கமான 1500 என்றே வைத்திருந்தது. சின்னப் பதில்கள் நுழைந்துவிட்டன, பெரியவை வழியிலேயே தொலைந்தன. ‘பாக்கெட் பெரிதாக இருக்கிறது’ என்று அனுப்பியவருக்குத் திரும்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியையும் ஃபயர்வால் தடுத்து வைத்திருந்தது. டாக்கரின் எம்டியுவை 1450 ஆக்கியதும் சரியாயிற்று. மூன்று முறை மறுபடி ஓடும் ஸ்கிரிப்ட் அங்கே இருந்திருந்தால் இது வெளியே வந்தே இருக்காது, இரண்டாம் முறை வேறு ரன்னர் கிடைத்துவிடும் அல்லவா?

உங்கள் குறிப்பில் ரன்னருக்குப் பதில் நேரம் ஒத்துப்போனால், 429 என்ற எண்ணைத் தேடுங்கள். ‘அளவுக்கு மேல் கேட்கிறீர்கள்’ என்று ரெஜிஸ்ட்ரி, அதாவது பேக்கேஜ்களைக் கொடுக்கும் சர்வர், சொல்லும் எண் அது. அலுவலகத்திலுள்ள எல்லா ரன்னரும் ஒரே ஐபி முகவரி வழியாக வெளியே போனால், எதிர்ப்பக்கத்துக்கு அத்தனையும் ஒரே ஆள்தான். லாகின் செய்யாமல் இமேஜ் (கண்டெய்னருக்கான அச்சு) இழுப்பவர்களுக்கு, அந்த இமேஜ்களின் பொதுக் கிடங்கான டாக்கர் ஹப் 2020 நவம்பரில் வரம்பு வைத்தபோது பல குழுக்கள் மாட்டிக்கொண்டது இப்படித்தான். எல்லா பில்டையும் சரியாக மணி அடிக்கும்போது தொடங்கும்படி வைத்திருந்தால் அதைக் கலைத்துப் போடுங்கள்.

கூட ஓடிய பில்ட்களின் எண்ணிக்கை ஒத்துப்போனால், மெமரியைச் சந்தேகியுங்கள். வெளியேறும் எண் 137 என்று இருந்தால் அந்த ப்ராசஸை யாரோ கொன்றிருக்கிறார்கள் என்று பொருள்: 128-உடன், கொல்லும் சிக்னலின் எண்ணான 9-ஐக் கூட்டினால் வருவது. பெரும்பாலும் அந்த யாரோ, மெமரி தீர்ந்ததும் கையை வைக்கும் கெர்னல்தான். நெட்வொர்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் இன்ஸ்டால் கட்டத்தில் விழுவதால் பழி நெட்வொர்க் மேல் போகிறது.

உங்கள் மடிக்கணினியில் வராததற்கு முதல் சந்தேகம், முன்பு இறக்கியதெல்லாம் அங்கே கேச்சில் சேமிப்பாக இருக்கிறது என்பது. பேக்கேஜ் எதுவும் புதிதாக இறங்குவதே இல்லை. கேச்சைத் துடைத்துவிட்டு, காலி கண்டெய்னரில் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: உபுண்டு இமேஜில் அதன் பேக்கேஜ் கருவியான ஆப்ட் இன்ஸ்டால் செய்யும்போது, சில நாட்களில் 404 (‘அப்படி ஒன்று இல்லை’) என்கிறது. இமேஜ் கட்டும் கட்டளைகள் உள்ள டாக்கர்ஃபைலை யாரும் தொடவில்லை. பேக்கேஜ் எப்படிக் காணாமல் போகும்?

பதில்: ‘ஆப்ட் அப்டேட்’ ஒரு ரன் வரியிலும் ‘இன்ஸ்டால்’ அடுத்த ரன் வரியிலும் இருக்கிறதா பாருங்கள். அப்டேட் வரி மாறாததால் டாக்கர் அதைக் கேச்சிலிருந்தே எடுக்கும். அதிலுள்ள பட்டியல் பல வாரம் பழையதாக இருக்கலாம். அந்தப் பட்டியலிலுள்ள பதிப்பு, புதிது வந்ததும் மிரரிலிருந்து (பேக்கேஜ்களின் பிரதி வைத்திருக்கும் சர்வர்) போயிருக்கும். இரண்டையும் ஒரே ரன் வரியில் சேர்த்து எழுதுங்கள். கேச் இல்லாத ரன்னர் கிடைத்த நாளில் சரியாக ஓடி, மற்ற நாளில் விழும் மர்மமும் அதோடு தீரும்.

கேள்வி: சொந்த மிரர் வைத்தும் எங்களுக்கு என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் கருவி) இன்ஸ்டால் விழுகிறதே?

பதில்: மிரர் வைத்தது நல்ல காரியம். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற குட்டிப் பேக்கேஜை எழுதியவரே நீக்கிவிட, அதை நம்பியிருந்த பில்ட்கள் உலகமெங்கும் விழுந்தன. தன் கையில் ஒரு பிரதி வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் சில பேக்கேஜ்கள் இன்ஸ்டால் ஆனதும் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டி, வேறு சர்வரிலிருந்து பைனரியை இறக்கும். பிரௌசரையே கூடக் கொண்டுவரும் சோதனைக் கருவிகள் இந்த வகை. அந்த இறக்கம் உங்கள் மிரர் பக்கமே வராது. விழுந்த வரியில் இருக்கும் முகவரியைப் பாருங்கள். மிரரின் பெயர் அதில் இல்லையென்றால் விஷயம் இதுதான். பைனரியையும் உள்ளே கொண்டுவந்து வைத்து, அங்கிருந்து எடுக்கும்படி அந்தக் கருவியின் அமைப்பில் சொல்ல வேண்டும். கூடவே, பில்டில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ என்பதை ‘என்பிஎம் சிஐ’ என்று மாற்றுங்கள். அது, லாக்ஃபைலில் (சரியான பதிப்புகளைக் குறித்து வைத்த பட்டியல்) உள்ளதை மட்டும் அப்படியே போடும், ஒத்துப்போகாவிட்டால் உடனே நின்றுவிடும்.

கேள்வி: அப்படியானால் ரீட்ரை என்பதே கூடாதா?

பதில்: கூடும். இன்ஸ்டால் முழுவதையும் திரும்ப ஓட்டாமல், ஒவ்வொரு இறக்கத்துக்கும் வையுங்கள். பைத்தான் பேக்கேஜ் கருவியான பிப் தானாகவே 5 முறையும் என்பிஎம் 2 முறையும் மறுபடி முயலும்; அதைக் கூட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போகட்டும். இணைப்பு அறுந்தது, டைம்அவுட், 429, 503 (‘சேவை இப்போது இல்லை’) ஆகியவற்றுக்கு மறுபடி முயல்வது நியாயம். ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை) பொருந்தவில்லை என்று வந்தால் நிறுத்திவிட்டுப் பாருங்கள்: வந்த ஃபைல் நீங்கள் கேட்ட ஃபைல் இல்லை. நடுவிலுள்ள ப்ராக்ஸி பாதி ஃபைலைக் கேச் செய்திருக்கலாம், யாரோ மாற்றியும் இருக்கலாம். எதுவென்று தெரியும் வரை அந்த பில்டை வெளியே விடாதீர்கள். மறுமுயற்சி நடந்தால் அதைப் பதிவில் ஒரு வரியாக எழுத வையுங்கள், வாரம் ஒருமுறை அந்த வரிகளை எண்ணிப் பாருங்கள்.