தீயணைப்பு உடையை வீட்டில் துவைக்கலாமா?

கேள்வி: என் கணவர் தீயணைப்பு வீரர். நிலையத்தில் துவைக்க வசதியில்லை என்று, தீயில் போட்டுக்கொண்டு போகும் மேலங்கியையும் கால்சட்டையையும் காரில் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். குழந்தைகளின் துணி துவைக்கும் மெஷினிலேயே போடலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. அந்த உடை வீட்டு வாசலைத் தாண்டவே கூடாது. பிளாஸ்டிக்கும் மெத்தையும் எரியும்போது உண்டாகும் நச்சுகள் கரியோடு சேர்ந்து துணியில் ஒட்டிக்கொள்கின்றன. மெஷினில் போட்டால் அடுத்த துணிக்கும் ஒட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அதற்குப் பிறகும் 'வசதியில்லை' என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. புது வண்டிக்கான கோப்பு பறக்கிறது. ஆளுக்கு இரண்டாவது செட் உடை கேட்டால் அசைய மாட்டேன் என்கிறது.

பெரிய அழுக்கைத் தீ அணைந்த இடத்திலேயே போக்கிவிடலாம். மூச்சுக்கருவியைக் கழற்றும் முன்பே சோப்புத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் தேய்த்து அலச வேண்டும். அமெரிக்க ஆய்வு ஒன்றில், உடைமேல் படிந்த ஒரு வகை நச்சில் சுமார் 85 சதவீதம் இப்படியே போனது. தண்ணீரில்லாமல் தேய்த்தபோது 23 சதவீதம்தான். அப்புறம் உடையைப் பையில் போட்டுக் கட்டி, வண்டியில் ஆட்கள் உட்காராத பகுதியில் வைத்து நிலையத்துக்கு எடுத்துப்போகட்டும்.

முழுச் சலவைக்கு வெளியாரிடம் கொடுப்பதாக இருந்தால் ரொம்ப எச்சரிக்கை தேவை. மலிவாகச் செய்து தருகிறேன் என்று வருபவர்களில் பலர் பிளீச் போட்டு, வெயிலில் உலர்த்தி, பளிச்சென்று மடித்துத் தருகிறார்கள். குளோரின் பிளீச்சும் வெயிலும் அந்த உடையின் தீயைத் தாங்கும் அராமிட் என்ற செயற்கை இழையை நைந்துபோக வைக்கும். வெளியுறையையும் உள்ளுறையையும் பிரித்துத் துவைத்தார்களா, தண்ணீர்ச் சூடு 40 டிகிரிக்குள் இருந்ததா, எந்த உடை, எந்தத் தேதி என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும். தர மறுத்தால் கொடுக்கவே வேண்டாம். 'ஒருமுறை தெளித்தால் நச்சு போய்விடும்' என்று ஸ்பிரே விற்பவரையும் நம்பாதீர்கள். பழைய உடையைப் புதிதுபோல விற்கும் இடைத்தரகர்களும் உண்டு. உள்பக்கச் சீட்டில் தயாரித்த தேதி இல்லாவிட்டால் வாங்கக் கூடாது. 10 ஆண்டு ஆனதை ஒதுக்கிவிட வேண்டும் என்பது அமெரிக்கத் தர விதி.

வீட்டில் துவைக்கக்கூடியது ஒன்றே ஒன்று: மேலங்கிக்கு உள்ளே போடும் சட்டையும் பேன்ட்டும். அதுவும் நிலையத்தில் வழியே இல்லாதபோதுதான். உதறாதீர்கள், கையுறை போட்டு எடுத்து, தனியாகத் துவையுங்கள். முடிந்ததும் மெஷினை ஒருமுறை வெறுமனே ஓடவிடுங்கள். மேலங்கியைக் கழற்றிவிட்டு இடிபாட்டைக் கிளறியிருந்தால் இந்தச் சலுகை அந்தச் சட்டைக்குக் கிடையாது. தலையையும் கழுத்தையும் மூடும் துணியுறையையும் இதில் சேர்க்காதீர்கள்; மெல்லிய துணியாகத் தெரிந்தாலும் அது புகையிலேயே ஊறியது.

கார் இருக்கையைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். இரண்டாவது செட்டையும் சலவை வசதியையும் நிலைய அதிகாரியிடம் எழுத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். தேதியிட்ட நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். பின்னால் மருத்துவ இழப்பீடு கேட்க நேர்ந்தால் அது உதவும்.